பதினெட்டும் நாற்பத்தைந்தும்

எங்கள் ஊரில் ஒருவர் வீட்டில் காய்ச்சிய ரக்கியா, அதாவது பிளம்ஸ் சாராயம், எப்படி என்று கேட்டால் ஓர் எண்ணைச் சொல்வார்கள், அவ்வளவுதான். பதினெட்டு என்றால் மரியாதையான சரக்கு. இருபது என்றால் சம்பந்தி வீட்டாருக்கு ஊற்றும்போது கொஞ்சம் யோசிக்க வேண்டும். பதினைந்துக்குக் கீழே போய்விட்டால் காய்ச்சியவன் அடுத்த அறுவடை வரை தலையைக் குனிந்துகொண்டுதான் நடப்பான். அந்த எண்ணுக்குப் பின்னால் கிராட் என்று ஒரு சொல் உண்டு, சரக்கில் மிதவைக் குழாயை இறக்கி வீரியத்தைப் பார்க்கும் அளவு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வயது எத்தனை என்று கேட்டால் 'நாற்பது' என்கிறோம், 'நாற்பது வருடம்' என்றா சொல்கிறோம்? அதுபோலத்தான்.

அப்பா இறந்த பிறகு பிளம்ஸ் தோப்பும் செப்புக் கொப்பரையும் அம்மாவிடம் வந்தன. கொப்பரையை விற்றுவிடு, பெண்பிள்ளை கைக்கு அடங்காது என்று ஊர் ஆண்கள் சொன்னார்கள். அம்மா அவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பினாள். இலையுதிர் காலம் வந்ததும் கம்பு மாவைப் பிசைந்து, ஆவி வெளியே போகாதபடி மூடியின் விளிம்பில் தானே அப்பினாள். ஓக் விறகை அடுக்கினாள். தீ எரியும்போது நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கைக்குழந்தையைப் பார்ப்பதுபோல் கொப்பரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தீ ஏறினால் சரக்கு கருகும், இறங்கினால் சப்பென்று போகும். அம்மா காய்ச்சியதில் இரண்டுமே நடக்கவில்லை.

ஸ்தாமெனா என்ற பெயர் எங்கள் குன்றின் இரு பக்கமும் தெரியும். ஆனாலும் அவளுடைய ரக்கியாவை ஆண்கள் ரக்கியா என்று சொல்ல மாட்டார்கள். 'ஸ்தாமெனாவின் பழரசம்' என்பார்கள். அதிகம் சொன்னவர் பக்கத்து வீட்டு விதோசாவ் மாமா.

"பொம்பளைங்க காய்ச்சினா சர்க்கரை போடாம விடுவாங்களா?" என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பார். "உன் கை கேக் செய்யப் பழகின கை, தங்கச்சி. அதை நான் குத்தம் சொல்ல மாட்டேன்."

"ஒரு துளி சர்க்கரை இருந்தா என் கொப்பரையை உங்க பன்னிக்குத் தொட்டியா வச்சுக்கோங்கண்ணே," என்பாள் அம்மா.

"பன்னி குடிச்சிட்டு ஆடப் போகுது!"

அவர் சிரிப்பார், அம்மாவும் சிரிப்பாள். உள்ளே வந்து பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள். சர்க்கரை போடுவது எங்கள் பக்கத்தில் பெரிய பழி. பழம் கம்மியாக இருக்கும் வருடம் பீப்பாயில் சர்க்கரையைக் கொட்டினால் சரக்கு இரட்டிப்பாகும். பலர் செய்வார்கள், ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஊரில் யாரிடம் கேட்டாலும் "நூத்துக்கு நூறு பிளம்ஸ்" என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்வார்கள்.

அந்த வருடம் குளிர்காலம் முடியும் சமயத்தில், கீழே நகரத்தில் நடக்கும் ரக்கியா திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து சுவைத்துப் பார்ப்பவர்கள் வருகிறார்கள் என்று செய்தி வந்தது. விதோசாவ் மாமாதான் ஊர்ச் சங்கத்துக்குத் தலைவர். அவர் ஒரு கட்டு அட்டைகளைக் கொண்டுவந்து வீடு வீடாகக் கொடுத்தார். போத்தலின் கழுத்தில் கட்டுவதற்கான அட்டை. எல்லாம் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. காய்ச்சியவர் பெயர், ஊர், அப்புறம் இரண்டு கோடுகள். பிளம்ஸ் என்று எழுதி ஒரு கோடு, பின்னால் பெர்சென்ட். ஆல்கஹால் என்று எழுதி இன்னொரு கோடு, அதற்குப் பின்னாலும் பெர்சென்ட்.

"இந்த பெர்சென்ட் எதுக்குண்ணே?" என்று கேட்டாள் அம்மா. "அது வங்கிக்காரன் வட்டிக்குச் சொல்றதுல்ல?"

"வெளிநாட்டுக்காரனுக்குக் கிராட்னு ஒரு சொல்லே கிடையாது, தங்கச்சி. அதனால இதைப் போட்டிருக்கான். பதினெட்டுன்னா பதினெட்டுன்னு எழுது. முதல் கோட்டுல நூறு. எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "உனக்கு நூறுன்னு எழுத மனசு வந்தா," என்று சேர்த்தார்.

அவரோடு கூட வந்திருந்த ஒப்ராத் சித்தப்பா அதிகம் பேசாதவர். தேனீ வளர்ப்பவர். அவரும் அன்று வாயைத் திறந்தார்.

"கடைப் போத்தல்ல நாப்பது பெர்சென்ட்னு போட்டிருப்பான். குடிச்சுப் பார்த்தா நம்ம பதினெட்டை விடச் சப்புன்னு இருக்கும். பொய் சொல்றதுக்குன்னே கண்டுபிடிச்ச சொல்லு அது."

நான் அடுப்பங்கரைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் பதினேழு வயது. பள்ளிக்கூடத்தை விட்டு நின்றிருந்தேன். வகுப்பில் எழுந்து நிற்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது, தொண்டைக்குள் யாரோ கம்பு மாவை அப்பி மூடியதுபோல் ஆகிவிடும். வீட்டில் இருந்துகொண்டு கையில் அகப்பட்டதை எல்லாம் படிப்பேன். புத்தகம் கிடைக்காதபோது மாத்திரை டப்பா, பெயின்ட் டின், சட்டைக் கழுத்தில் தைத்திருக்கும் துணி. அதில் பாதி ஆங்கிலத்தில்தான் இருக்கும். பெர்சென்ட் என்ற சொல்லை நான் அங்கேதான் பார்த்துப் பழகியிருந்தேன். அது கிராட் இல்லை என்பது எனக்குத் தெரியும். அன்று கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து சொல்லியிருக்கலாம். மாவு அப்பிக்கொண்டது.

அவர்கள் போய் இரண்டு நாள் கழித்துச் சொன்னேன்.

"அம்மா, பதினெட்டுன்னு எழுதாதீங்க."

"ஏன்டி? மிதவையைப் போட்டு நீயும்தானே பார்த்தே. பதினெட்டுல நின்னுச்சே."

"அது கிராட். இது பெர்சென்ட். வேற அளவு."

அம்மா துவைத்துக்கொண்டிருந்த ஸ்வெட்டரை நான் வாங்கிக் கழுத்தைத் திருப்பிக் காட்டினேன். கம்பளி எழுபது பெர்சென்ட், செயற்கை நூல் முப்பது பெர்சென்ட்.

"கூட்டிப் பாருங்க. நூறு. இந்த ஸ்வெட்டரை நூறு பங்காப் பிரிச்சா எழுபது பங்கு ஆட்டுது, முப்பது பங்கு மிஷினுது. பெர்சென்ட்னா அவ்வளவுதான். நூத்துக்கு இத்தனை."

"கடைக்காரி சுத்தக் கம்பளின்னு சத்தியம் பண்ணினாளே," என்றாள் அம்மா. அவளுக்கு அதுதான் முதலில் உறைத்தது. ஈரக் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு அட்டையை எடுத்தாள். "சரி, அப்படின்னா இதுல முதல் கோட்டுல நூறு. அடுத்த கோட்டுல இன்னொண்ணு. கூட்டினா நூத்துக்கு மேல போகுதே?"

நானும் இதே இடத்தில்தான் ஒரு முழுநாள் சுற்றிக்கொண்டிருந்தேன். அதனால் பதில் தயாராக இருந்தது.

"எதுல நூறுன்னு பார்க்கணும்மா. மேல இருக்கறது பீப்பாய்ல போட்டது. அதுல நூறும் பிளம்ஸ், சர்க்கரை இல்ல. கீழ இருக்கறது போத்தல்ல இருக்கறது. அது வேற நூறு. ரெண்டையும் கூட்டக் கூடாது."

அம்மா நம்பாமலும் இல்லை, நம்பவும் இல்லை. அவளுக்குக் கண்ணால் பார்க்க வேண்டும். நான் மருந்து அலமாரியிலிருந்து காயம் துடைக்கும் ஆல்கஹால் போத்தலை எடுத்தேன். மருந்துக்கடையில் வாங்கியது, மேலே எழுபது பெர்சென்ட் என்று அச்சடித்திருக்கும். அதை உயரமான கண்ணாடியில் ஊற்றி, அப்பாவின் மிதவைக் குழாயை இறக்கினேன். அது முதலில் தத்தளித்தது. அப்புறம் நின்றது.

"எத்தனைம்மா?"

அம்மா குனிந்து கண்ணைச் சுருக்கினாள். "இருபத்தெட்டு."

"போத்தல்ல எழுபது. குழாய்ல இருபத்தெட்டு. ரெண்டும் ஒண்ணுதான்."

அவள் குழாயை எடுத்துத் துடைத்து மறுபடி இறக்கினாள். இருபத்தெட்டு. அடுப்பில் கஞ்சி பொங்கியது, இரண்டு பேருமே போய்ப் பார்க்கவில்லை.

"ஒரு கிராட்டுக்கு ரெண்டரை பெர்சென்ட் வருது," என்றேன். "அப்படின்னா நம்மளோட பதினெட்டு?"

அம்மா விரலை விட்டு எண்ணவில்லை. பீப்பாய்க்கு எத்தனை கூடை என்று மனதிலேயே கணக்குப் போடுகிறவள். "நாப்பத்தஞ்சு," என்றாள். சொன்ன மறுநொடியே முகம் மாறியது. "அப்போ மிச்சம் அம்பத்தஞ்சு என்னது?"

"தண்ணி."

"தண்ணியா?"

"தண்ணிதாம்மா. கொஞ்சம் வாசனை."

"விடிஞ்சதுலேருந்து பொழுது சாயற வரைக்கும் அந்தத் தீ முன்னால உட்கார்ந்து நான் பாதிக்கு மேல தண்ணியையா காய்ச்சினேன்?" அம்மா உண்மையிலேயே கோபப்பட்டாள். என்னிடம் இல்லை, அந்தச் சொல்லிடம். பின்கட்டுக்குப் போய்க் கோழிகளை விரட்டிவிட்டு வந்தாள். வந்தபோது கையில் பேனா இருந்தது.

"எழுது," என்றாள். "உன் கையெழுத்து அழகா இருக்கும்."

நூறு, நாற்பத்தைந்து என்று எழுதினேன்.

அட்டைகளைச் சரிபார்க்க விதோசாவ் மாமா வந்த அன்று அதைப் பார்த்தார். முதலில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் வேலியில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். ஒப்ராத் சித்தப்பாவையும் தெருவில் போன இன்னும் இரண்டு பேரையும் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தார்.

"நாப்பத்தஞ்சா! என்ன தங்கச்சி, பெட்ரோலா வடிக்கிறே? நம்ம மிதவைக் குழாய்ல அந்த நம்பரே கிடையாதே! நூறும் நாப்பத்தஞ்சும் நூத்தி நாப்பத்தஞ்சு. போத்தல் வெடிச்சிடும், பார்த்துக்கோ!"

"எழுதினது எழுதினதுதான்," என்றாள் அம்மா.

"யார் எழுதினது? பள்ளிக்கூடத்தை விட்டு ஓடி வந்தவளா?" அவர் கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தார். நான் இன்னும் உள்ளே ஒடுங்கினேன். அவர் குரலைத் தணித்தார், இப்போது விளையாட்டு இல்லை. "ஸ்தாமெனா, இதைக் கேளு. அங்க ஒவ்வொரு போத்தலையும் அளந்து பார்ப்பாங்க. அட்டைக்கும் சரக்குக்கும் பொருந்தலைன்னா எல்லார் முன்னாலயும் போத்தலை எடுத்து வெளிய வச்சிடுவாங்க. அப்புறம் உன் பேரு என்ன ஆகும்? பழரசம்னு நான் சொல்றது சும்மா. பொய்க்காரின்னு ஊரே சொல்லும். அது போகாது."

அம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய ரக்கியா ஆண்களுடைய ரக்கியாவோடு ஒரே மேசையில் நிற்க வேண்டும், அவளுக்கு வேறெதுவும் வேண்டாம். அதற்காகத்தான் தோப்பு, விறகு, கம்பு மாவு எல்லாம். அதை நான் எழுதிய ஓர் எண்ணில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள்.

"நன்றிண்ணே," என்றாள். "அட்டை அப்படியே இருக்கட்டும்."

திருவிழா அன்று பேருந்தில் அவள் போத்தலை மடியில் வைத்துத் துண்டால் சுற்றியிருந்தாள். நகரம் தெரிய ஆரம்பித்ததும் கேட்டாள்.

"மிலுங்கா. நூத்துக்கு நூறா?"

"நூத்துக்கு நூறும்மா."

அவள் தலையாட்டிவிட்டுத் துண்டின் நுனியைச் செருகினாள். நான்தான் கணக்கை மனதுக்குள் மறுபடி போட்டுப் பார்த்தேன்.

கலாசார மன்றத்தின் வாசலில் ஆட்டை வாட்டிக்கொண்டிருந்தார்கள், அக்கார்டியன் வாசித்துக்கொண்டிருந்தார்கள். போத்தல்களைக் காலையிலேயே வாங்கி உள்ளே அடுக்கிவிட்டார்கள். கதவு திறந்ததும் எங்கள் ஊரார் தோளோடு தோள் உரச நுழைந்தோம். அரங்கின் நடுவில் வெள்ளைத் துணி விரித்த நீண்ட மேசை. அதில் ஊர் ஊராகப் போத்தல்கள். எங்கள் ஊர்ப் பெயர்ப்பலகைக்கு முன்னால் ஒரே ஒரு போத்தல் நின்றது. அதன் கழுத்தில் என் கையெழுத்து.

அம்மா என் முழங்கையைப் பிடித்தாள். வலித்தது.

"எங்களோடது எங்க?" என்று ஒப்ராத் சித்தப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். கண்டுபிடித்தது விதோசாவ் மாமாதான். வெளியே போகும் கதவுக்குப் பக்கத்தில் பூப்போட்ட விரிப்பு போட்ட சின்ன மேசை. அதில் செர்ரி இனிப்பு மது, வால்நட் இனிப்பு மது, ரோஜா நிறத்தில் ஏதோ ஒன்று. அவற்றுக்கு நடுவே, கல்யாண வீட்டில் பெண்கள் பக்கம் தவறி வந்து உட்கார்ந்த ஆண்களைப்போல, எங்கள் ஊர்ப் போத்தல்கள்.

"இது என்ன அநியாயம்?" மாமாவின் குரல் அக்கார்டியனுக்கு மேலே கேட்டது. "யார் இங்க பொறுப்பு? என் ரக்கியாவைக் கொண்டுபோய் வால்நட் பக்கத்துல வச்சிருக்கீங்க! நான் என்ன பாட்டிங்களுக்கா ஊத்துறேன்?"

மேசைகளுக்குப் பொறுப்பாக ஓர் இளம்பெண் இருந்தாள், தியானா என்று சட்டையில் எழுதியிருந்தது. அவள் பயப்படவில்லை.

"பெரியப்பா, கோபப்படாதீங்க. உங்க அட்டையில பத்தொன்பது பெர்சென்ட்னு எழுதியிருக்கு. முப்பத்தேழரைக்குக் கீழ இருந்தா பழ ரக்கியான்னு பேர் சொல்லக் கூடாதுன்னு விதி. அதனால இங்க வச்சோம்."

"பத்தொன்பது! பத்தொன்பதுடீம்மா! குடிச்சிட்டு மரத்துல ஏறலாம்!"

"பத்தொன்பது கிராட்டா இருக்கும், பெரியப்பா. அட்டையில பெர்சென்ட்ல்ல கேட்டிருக்கு?"

"அப்போ நீயே மாத்தி எழுதிடு."

"நான் தொடக் கூடாது. காய்ச்சினவங்கதான் எழுதணும், அவங்கவங்க கையால. இந்தாங்க புது அட்டை. சுவைக்கறவங்க சாப்பாடு முடிச்சு வர்றதுக்குள்ள எழுதிக் கொடுத்துட்டா வெள்ளை மேசைக்கு மாத்திடுறேன்." அவளை வேறு யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.

ஆண்கள் புது அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் இரண்டால் பெருக்கு என்றார். ஒருவர் பத்தைக் கூட்டு என்றார். ஒப்ராத் சித்தப்பா, "தப்பா எழுதினா தூக்கி வெளிய வச்சிடுவாங்களே," என்று அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொருவராக எல்லாருடைய கண்ணும் வெள்ளை மேசையில் தனியாக நின்ற அந்தப் போத்தலுக்குப் போனது. நாற்பத்தைந்து.

எனக்குள் ஒரு நினைப்பு ஓடியது. அது அம்மாவுக்கும் தெரிந்திருக்கும், ஏனென்றால் அவள் என்னைப் பார்க்காமல் அந்தப் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் சும்மா இருந்தால் போதும். எங்கள் ஊருக்கு இன்று ஒரே ரக்கியா, ஸ்தாமெனாவின் ரக்கியா. பழரசம் என்று சொன்னவர்கள் எல்லாம் பூப்போட்ட விரிப்பில்.

அம்மா மெதுவாகச் சொன்னாள். "அவங்களுக்குச் சொல்லிக் கொடு."

"அம்மா..."

"அவங்களோட நிக்கணும்னுதான் நான் வந்தேன். ஆள் இல்லாத மேசையில நிக்கறதுக்கு நான் நம்ம வீட்டு மேசையிலயே நின்னிருப்பேனே. போ."

"எனக்குக் குரல் வராதும்மா."

"வர்றது போதும்."

நான் போனேன். எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. எட்டு ஒன்பது தொப்பிகள் என் பக்கம் திரும்பின. தொண்டையில் மாவு. அப்போது விதோசாவ் மாமா, "சத்தமாச் சொல்லும்மா, எனக்கு ஒரு காது டிராக்டர்ல போயிடுச்சு," என்றார். யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் ஏதோ ஒன்று விரிசல் விட்டது.

"ரெண்டரையால பெருக்கணும்," என்றேன்.

"என்னது?"

"ரெண்டரை!" என்று கத்தினேன். அரங்கில் அந்தக் கோடியிலிருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள். "ஒப்ராத் சித்தப்பா, உங்களோடது இருபது. அப்படின்னா அம்பது பெர்சென்ட். பதினேழு வச்சிருக்கறவங்க நாப்பத்திரண்டரை."

"அம்பதுன்னா?" ஒப்ராத் சித்தப்பா பேனாவை அட்டையில் வைக்காமல் கேட்டார். "இன்னொரு அம்பது என்னது?"

எனக்குத் தெரியும், இதுதான் வரும் என்று. "தண்ணி, சித்தப்பா."

"என் ரக்கியாவுல பாதி தண்ணியா?" என்று ஒருவர். "இவ என்ன சொல்றா? நான் எவன் முகத்துல முழிப்பேன்?" என்று இன்னொருவர். எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். என் குரல் மறுபடி உள்ளே போகப் பார்த்தது. அப்போது பின்னாலிருந்து அம்மா பேசினாள்.

"குழாய்த் தண்ணின்னா நினைச்சீங்க? அந்தப் பாதி பிளம்ஸோட வந்த தண்ணி, உங்க அப்பன் வச்ச மரம் வேர் விட்டுக் குடிச்ச தண்ணி. வெறும் ஆல்கஹால் வேணும்னா மருந்துக்கடைக்குப் போங்க, புண்ணுல தடவிக்கலாம்."

பிறகு ஒப்ராத் சித்தப்பா குனிந்து, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, தேனீப் பெட்டிக்கு எண் போடுவதுபோல் பெரிதாக ஐம்பது என்று எழுதினார். மற்றவர்களும் எழுதினார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் என்னிடம் அட்டையைக் காட்டினார்கள். நான் பார்த்துத் தலையாட்டினேன்.

விதோசாவ் மாமா மட்டும் எழுதி முடிக்கவில்லை. கீழ்க்கோட்டில் நாற்பத்தேழரை என்று நான் சொன்னதை எழுதிவிட்டார். மேல்கோடு காலியாக இருந்தது. அவர் என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போனார்.

"இந்த மேல இருக்கற நூறு," என்றார். "இதுவும் அந்த மாதிரிதானா?"

"அதே பெர்சென்ட்தான் மாமா. பீப்பாய்ல போட்டதை நூறு பங்காப் பிரிச்சா அதுல பிளம்ஸ் எத்தனை பங்குன்னு கேக்குது."

"சும்மா, நல்ல சரக்குன்னு சொல்ற மாதிரி இல்லையா? நூத்துக்கு நூறு வர்றேன்டான்னு சொல்லுவோமே, அப்படி?"

"இல்ல மாமா. எண்ணித்தான் சொல்லணும்."

அவர் பேனாவை மூடினார், திறந்தார். போன வருடம் அவர் தோப்பில் ஆலங்கட்டி மழை அடித்தது எனக்கு ஞாபகம் வந்தது. பழம் பாதிதான் தங்கியது. ஆனால் பீப்பாய்கள் எப்போதும்போல நிறைந்திருந்தன. நான் தரையைப் பார்த்தேன்.

"நூத்துக்குக் குறைஞ்சா வெள்ளை மேசையில வைக்க மாட்டாங்க, இல்ல?"

"மாட்டாங்க மாமா."

நெஞ்சைத் தொட்டு ஊர் முழுக்கச் சொன்ன எண் அது. இத்தனை வருடமும் அந்த நூறு அவருக்கு ஒரு மரியாதைச் சொல்லாகத்தான் இருந்திருக்கும். 'கடவுள் சத்தியமா' என்பதுபோல. இப்போது அவர் கையில் இருந்தது ஓர் அளவு. அளவில் பொய் எழுத அவருக்குக் கை வரவில்லை. என்ன இருந்தாலும் அவரும் மிதவைக் குழாயை நம்பி வாழ்ந்தவர்.

அட்டையை நான்காக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மற்றவர்கள் தங்கள் போத்தல்களைத் தூக்கிக்கொண்டு வெள்ளை மேசைக்குப் போக, அவர் போத்தல் செர்ரிக்கும் வால்நட்டுக்கும் நடுவே அப்படியே நின்றது.

"என்ன விதோசாவ், உன்னோடதைத் தூக்கலையா?" என்று ஒருவர் கேட்டார்.

"இருக்கட்டும்டா. அங்க பொம்பளைங்க கூட்டம் நல்லா இருக்கு. என் சரக்குக்கு வயசாயிடுச்சு, கொஞ்சம் சந்தோஷமா இருக்கட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. அவள் அவரையும் பார்த்தாள், பூப்போட்ட விரிப்பையும் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. எத்தனை வருடமாகக் காத்திருந்த தருணம், ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் எங்கள் கூடையைத் திறந்து, வீட்டுக்கென்று வைத்திருந்த சின்னப் போத்தலை எடுத்தாள். கண்ணாடிக் குவளையில் ஊற்றும் முன் போத்தலை ஒரு குலுக்குக் குலுக்கினாள். நுரை எழுந்து, குமிழிகள் விளிம்பைச் சுற்றி முத்துமாலைபோல் கோத்துக்கொண்டு நின்றன. பதினெட்டில் மட்டும்தான் அந்த மாலை அப்படி நிற்கும்.

"குடிச்சுப் பாருங்கண்ணே," என்று ஊற்றி நீட்டினாள்.

விதோசாவ் மாமா மாலையைப் பார்த்தார். குடித்தார். மூச்சை இழுத்து விட்டார். காலிக் குவளையை உடனே திருப்பித் தரவில்லை.

"இது ரக்கியா," என்றார்.

சுவைப்பவர்கள் வந்தார்கள், முகர்ந்தார்கள், துப்பினார்கள். துப்பியதைப் பார்த்து எங்கள் ஊரார் முகத்தைச் சுளித்தார்கள். அளந்தும் பார்த்தார்கள். வெள்ளை மேசையில் இருந்த எங்கள் ஊர் அட்டைகளில் ஒன்றுகூடத் தவறவில்லை. முதல் பரிசு வேறு ஊருக்குப் போனது. இரண்டாவது ஒப்ராத் சித்தப்பாவின் ஐம்பதுக்கு. மூன்றாவதாக அம்மாவின் பெயரை வாசித்தார்கள், ஊர்ப் பெயரோடு சேர்த்து, ஒலிபெருக்கியில்.

நான் சொல்லிக் கொடுக்காமல் இருந்திருந்தால் அம்மாவுக்கு இரண்டாவது கிடைத்திருக்கும். பேருந்தில் திரும்பும்போது அதை அவளிடம் சொன்னேன்.

"ஒப்ராத்தோடது என்னோடதை விட நல்லாத்தான் இருக்கு," என்றாள் அம்மா. "குடிச்சுப் பார்த்தேன். தேனு மாதிரி முடியுது. அடுத்த வருஷம் என்ன பண்றான்னு கேக்கணும்." பதக்கத்தைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். போகும்போது போத்தலைப் பிடித்திருந்ததைவிட இறுக்கமாகப் பிடித்திருந்தாள். பின் இருக்கையில் ஆண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் யாரோ, "ஸ்தாமெனா, உன் ரக்கியாவுக்கு!" என்று கத்தினார்கள். பழரசம் என்று யாரும் சொல்லவில்லை.

அடுத்த இலையுதிர் காலத்தில் குன்றின் இரு பக்கமும் புகை எழுந்தது. ஒரு நாள் மத்தியானம் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து விதோசாவ் மாமா கூப்பிட்டார். அவர் தோப்பு அந்த வருடம் நன்றாகக் காய்த்திருந்தது.

"மிலுங்கா! ஏ மிலுங்கா! நூறு பெர்சென்ட்டும்மா!"

நான் கொப்பரைக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தேன். எழுந்து வேலிவரை போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே, கீழே சாலையில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி கத்தினேன்.

"எதுல மாமா?"

"பீப்பாய்லடீ! பீப்பாய்ல!" என்று அவரும் கத்தினார். "ஒரு துளி சர்க்கரை கிடையாது! வந்து எண்ணிப் பாரு!"

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே தீயைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.